பதிலுக்குப் பின் ஒரு சிரிப்பு

டிவியில் மகாராணி வந்த நேரத்தில் பார்லர்க்காரி, வங்கிக்காரம்மாவின் இடது புருவத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். நூலின் ஒரு முனை பல்லில், மறுமுனை விரலில். கண்ணை மட்டும் ஒரு நொடி டிவிப் பக்கம் திருப்பினாள். அவ்வளவுதான். வங்கிக்காரம்மா "ஐயோ!" என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். புருவத்தின் நடுவில் ஒரு கொத்து முடியைக் காணோம்.

"என்னம்மா ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா, நூல் அறுந்துடுச்சு."

நூல் முழுசாகப் பல்லில்தான் இருந்தது. வங்கிக்காரம்மா அதைப் பார்த்தாள், பிறகு டிவியைப் பார்த்தாள். திறந்த வண்டியில் நின்றுகொண்டு மகாராணி கையசைத்துக் கொண்டிருந்தாள். "ஓ, இவங்களா?" என்று மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பார்லருக்கு வழக்கமாக வருகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

மகாராணி என்று பெயர் வைத்ததே பார்லர்க்காரிதான். மற்றவர்கள் மரியாதையாக 'மேடம்' என்றார்கள். சுவரொட்டிகளில் 'பெண்களின் குரல்' என்று போட்டிருந்தது. இவள் மட்டும் "மகாராணி இன்னிக்கு எங்க எழுந்தருளியிருக்காங்க?" என்று கேட்டபடிதான் பேப்பரைப் பிரிப்பாள். பிரித்ததும் அந்த முகத்தைத் தேடுவாள். இருந்தால் எரிச்சல். இல்லாவிட்டால் "என்ன, இன்னிக்கு யாரும் கண்டுக்கலையா?" என்று ஒரு குட்டிச் சந்தோஷம், அதுவும் மத்தியானம்வரைக்கும்தான் தாங்கும். பொறாமைதான். இதை வேறு பெயர் சொல்லி மழுப்ப ஒன்றுமில்லை, அவளே மழுப்பியதும் இல்லை.

நியாயம் அவள் பக்கமும் கொஞ்சம் இருந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அழகிப் போட்டியின் கடைசி மேடையில் மிஞ்சி நின்றது இவர்கள் இரண்டு பேர். அந்த மேடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி இருவரும் எதிரெதிராக நின்று கையைக் கோத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பெயரை வாசித்ததும், பெயர் வராதவள்தான் முதலில் பாய்ந்து மற்றவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். இவள் கட்டிக்கொண்டாள். அந்த நொடியில்தான் அத்தனை கேமராவும் மின்னின. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் மகாராணியின் கண்ணீர், மகாராணியின் உதடு, மகாராணியின் தோளில் ஒரு கொண்டை. அந்தக் கொண்டைதான் இவள். அது யாருடைய கொண்டை என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஊருக்குத் திரும்பி வந்து இந்தப் பார்லரைத் திறந்தாள். போர்டில் பெரிதாக ஒரு கிரீடம் வரையச் சொன்னாள். கல்யாணமாயிற்று. வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நல்ல மனுஷர், நாக்குதான் சும்மா இருக்காது.

"உன் சிநேகிதிக்குக் கட்சியில சீட் கொடுத்துட்டாங்களாம்" என்றார் ஒரு நாள்.

"யாருக்கு யாரு சிநேகிதி?"

"சரி, உன் சக்களத்தி."

மகாராணி ஏறிய படிகள் ஒவ்வொன்றும் பார்லர்க்காரிக்கு மனப்பாடம். முதலில் சோப்பு விளம்பரம். பிறகு ஒரு படம், அது ஓடவில்லை (அந்த வாரம் இவள் பார்லரில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்). பிறகு பணக்காரக் கல்யாணம். அந்தப் பணக்காரன் கை நீட்டுகிறவன் என்பது, மகாராணி வீங்கிய வாயோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்தபோதுதான் வெளியே தெரிந்தது. புகாரை வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். விடிவதற்குள் வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். அதன்பின் சங்கம், ஆபீஸ், இலவச வக்கீல், ஊர்வலம், இப்போது தேர்தல். "அடி வாங்கினாக்கூட அவளுக்கு மட்டும் கேமரா வந்துடுது" என்று பார்லர்க்காரி அன்றைக்குச் சொன்னாள். சொன்ன வாயை அப்போதே கழுவ வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த விவாதம் நடந்தது. மகாராணியும் எதிர்க்கட்சி வேட்பாளரும் டிவியில் நேருக்கு நேர். பார்லர்க்காரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் வீட்டுக்காரர். எந்தக் காட்சியிலாவது வண்டி வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையில் பிரேக் பிடிக்கும்.

எதிர்க்கட்சிக்காரர் கடைசிவரை காத்திருந்து கேட்டார். "போன மாசம் ஒரு பெண்ணைப் புருஷன் கொன்னுட்டான். அதுக்கு மூணு நாள் முன்னாடி அந்தப் பெண் உங்க சங்கத்து வாசல்ல வந்து நின்னிருக்கு. ஆபீஸ் பூட்டியிருந்தது. பெண்களின் குரல்னு போஸ்டர் ஒட்டறீங்களே, அன்னிக்கு அந்தக் குரல் எங்கே போச்சு?"

மகாராணியின் முகம் வெளுத்ததை, பவுடருக்கு அடியில்கூட, பார்லர்க்காரியால் பார்க்க முடிந்தது. ஆனால் பதில் நன்றாகவே வந்தது. கதவு பூட்டியிருந்தது உண்மை, அது எங்கள் தப்பு என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கதவு பகலிலும் ராத்திரியிலும் பூட்டப்படவில்லை என்றாள். அதே பெண் ஸ்டேஷனுக்கும் போனாள், அங்கே கதவு திறந்துதான் இருந்தது, யாரும் எழுந்து வரவில்லை, அதையும் கேளுங்கள் என்றாள். எதிர்க்கட்சிக்காரர் குனிந்து தன் காகிதத்தைப் புரட்டினார். 'ஜெயிச்சுட்டா சனியன்' என்று பார்லர்க்காரி நினைத்த அதே நொடியில் மகாராணி சிரித்தாள்.

சும்மா இல்லை, பல்வரிசை முழுக்கத் தெரிய, தலையை இத்தனூண்டு சாய்த்து, மேடைச் சிரிப்பு. செத்துப்போன பெண்ணைப் பற்றிப் பேசி முடித்த வாயில்.

"அடிப்பாவி" என்றார் வீட்டுக்காரர். "பொணத்தப் பத்திப் பேசிட்டு இளிக்கறாளே!"

பார்லர்க்காரி தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். போட்டிக்கு இவர்களைத் தயார் செய்தது மாஸ்டரம்மா என்று ஒரு பெண்மணி. கேள்விச் சுற்றுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். பதில் முடிஞ்சா சிரி. என்ன கேள்வியானாலும் சிரி. நீ பேசினத நடுவர் மறந்துடுவார், நிறுத்தின முகத்த மறக்க மாட்டார். போர், பஞ்சம், செத்த குழந்தைகள் என்று கேள்வி கேட்பார், சிரிக்கச் சொல்வார். பயத்தில் சிரிப்பு கலைந்துவிடக் கூடாது என்பதற்காகப் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து கழுத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றுவார். மாசக்கணக்கில் ஊற்றினார். கடைசியில், பயம் வந்தாலே பதிலுக்கு அடுத்து பல் தெரியும் என்று ஆகிவிட்டது. எவ்வளவு பயமோ அவ்வளவு சுத்தமான சிரிப்பு.

இவளுக்கும் அது இருந்தது. கல்யாணமான புதிதில், மாமியார் வீட்டுக் கூடத்தில் போன் வந்தது. அப்பா போய்விட்டார் என்று அண்ணன் சொன்னான். "சரிண்ணா, உடனே கிளம்பறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, மாமியாரும் நாத்தனாரும் பார்க்க, பல்வரிசை தெரியச் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் அவளுக்கு 'அப்பன் செத்ததுக்குச் சிரிச்சவ' என்று பெயர். என்னவென்று விளக்குவது? கழுத்தில் ஐஸ் தண்ணீர் ஊற்றினார்கள் என்றா? விளக்கவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

ஆகவே அன்றைக்கு அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளுக்குள் ஏதோ குதித்தது. மறுநாள் மகாராணியின் சிரிப்பு எல்லார் போனிலும் ஓடியது. கல்நெஞ்சக்காரி என்றார்கள், நடிகை என்றார்கள், செத்தவளின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழும் படத்தைப் பக்கத்தில் ஒட்டிப் போட்டார்கள். பார்லர்க்காரி காலையிலிருந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு பேருக்கு முடி வெட்டிவிட்டுக் காசு வாங்க மறந்தாள். சாயங்காலம் ஒரு டிவி சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் கூடப் போட்டியிட்டவர் என்ற முறையில் ஒரு பேட்டி வேண்டுமாம், நாளைக் காலையில் வரலாமா என்று கேட்டார்கள்.

வரலாமாவா! பாதிக் கடையை ஒழித்துத் துடைத்தாள். தனக்குத்தானே ஃபேஷியல் போட்டுக்கொண்டாள். கண்ணாடி முன்னால் நின்று, "பாவம்தான், ஆனா அவ எப்பவுமே அப்படித்தான்" என்று சொல்லிப் பார்த்தாள். 'பாவம்தான்' என்பதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று பட்டது.

ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் குனிந்து உள்ளே வந்தாள் ஒருத்தி. தலையில் துணி சுற்றியிருந்தாள். துணியை எடுத்ததும்தான் தெரிந்தது, மகாராணி.

பார்லர்க்காரி முதலில் பார்த்தது அவள் தோலைத்தான். கண்ணுக்கடியில் கருவளையம், கன்னத்தில் குழிகள், வாயோரம் சுருக்கம். அந்த நிலைமையிலும் ஒரு சின்னத் திருப்தி வந்தது.

"தண்ணி குடிக்கறியா?" என்றாள்.

"வேணாம்." மகாராணி வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாளைக்குச் சேனல்காரங்க உன்கிட்ட வராங்களாமே. அது என்ன சிரிப்புன்னு உனக்குத் தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நடிக்காத. உன் கழுத்துலயும்தான ஊத்தினாங்க."

"அப்ப நீயே சொல்லேன். உனக்குத்தான் மைக்குக்குப் பஞ்சமில்லையே."

"நான் சொன்னா சாக்குன்னுவாங்க. எங்க ஆளுங்க சொன்னா, சொல்லிக் கொடுத்தாங்கன்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

"ஏன், நான் என்ன அரிச்சந்திரனா?"

"உனக்கு என்னைக் கண்டா ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். அதனாலதான்."

பார்லர்க்காரிக்குக் காது சூடாகிவிட்டது. "யாரு சொன்னா அப்படி?"

"இங்க வந்து புருவம் எடுத்துக்கிட்ட எல்லாருந்தான்."

 மகாராணி, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தபடி, தணிந்த குரலில் சொன்னாள். "அந்தப் பொண்ணு வந்து நின்னப்ப ஆபீஸ் சாவி என் கைப்பையில இருந்துச்சு. நான் ஒரு நகைக்கடை திறப்பு விழாவுல ரிப்பன் வெட்டிட்டிருந்தேன். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அந்தக் கத்திரிக்கோல்தான் ஞாபகம் வந்துச்சு. செத்தே போயிட்டேன். அதான் அவ்ளோ நல்லா சிரிச்சிட்டேன்." நிறுத்தினாள். "நான் தோத்தா தோத்துட்டுப் போறேன். ஆனா இப்படித் தோத்தா ஆபீஸும் போயிடும். கட்டடத்துக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். இனிமே எவ வந்து என் கதவத் தட்டுவா?"

நியாயமாகப் பார்த்தால் அந்த இடத்தில் மனசு இளகியிருக்க வேண்டும். ஆனால் பார்லர்க்காரிக்கு அப்போதும் ஒன்றுதான் தோன்றியது. இத்தனை வருஷம் கழித்து இந்த வாசலை மிதித்தவள் 'எப்படி இருக்க?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் இவள் அந்தக் கொண்டைதான், பாய்ந்து வந்து கட்டிக்கொள்ள வேண்டியவள்.

"நாளைக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நீ கிளம்பு."

மகாராணி கெஞ்சவில்லை. தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஷட்டருக்குக் குனிந்தவள், "உன் கடை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது பார்லர்க்காரிக்கு இன்னும் எரிந்தது. ராத்திரி புரண்டு புரண்டு படுத்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். திட்டவும் வேண்டாம், காப்பாற்றவும் வேண்டாம். 'எனக்கு ஒண்ணும் தெரியாது.' அவ்வளவுதான்.

காலையில் சேனல்காரர் ஒரு கேமராக்காரரோடு வந்தார். மரியாதையான மனிதர். விளக்கைப் பொருத்தினார், கிரீடம் போட்ட போர்டு பின்னால் தெரியும்படி இவளை உட்கார வைத்தார், கேட்டார். அந்தக் காலத்தில் அவர் எப்படிப்பட்டவர்? "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க." உங்களிடம் எப்படிப் பழகினார்? "அதெல்லாம் ஞாபகம் இல்லைங்க." சேனல்காரருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கடைசியாக, ஏதாவது ஒன்று கிடைக்காதா என்று கேட்டுவைத்தார்.

"அந்தச் சிரிப்பு அவங்களுக்கே உரிய சிரிப்பு, இல்லையா? அன்னிக்கு மேடையில உங்களைத் தோற்கடிச்சதும் அதே சிரிப்புதானே?"

"என்னது?" என்றாள் பார்லர்க்காரி.

"இல்ல, அவங்களோட அந்த ஸ்பெஷல் சிரிப்பு..."

"அவளோடதா? யாரோட சிரிப்பு யாருக்கு? அது என் சிரிப்புங்க! மாஸ்டரம்மா எனக்குத்தான் முதல்ல சொல்லிக் கொடுத்தாங்க. என்னைப் பார்த்துத்தான் அவ கத்துக்கிட்டா. அவளுக்கு ரெண்டு வாரம் வரவே இல்ல, பல்லு வலிக்கறவ மாதிரி இருக்கும்!"

அதற்குப் பிறகு யாராலும் அவளை நிறுத்த முடியவில்லை. ஐஸ் தண்ணீரைச் சொன்னாள். போர், பஞ்சம் எல்லாம் சொன்னாள். சேனல்காரர் முகத்தில் நம்பிக்கை வராததைப் பார்த்ததும், "எங்கப்பா செத்த சேதி எனக்குப் போன்ல வந்துச்சு" என்று ஆரம்பித்தாள். யாரிடமும் சொல்லாததை, மாமியார் நின்ற இடம், நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டது உட்பட, கேமராவைப் பார்த்துச் சொல்லி முடித்தாள். முடித்ததும் அது வந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர், உதட்டில் பல்வரிசை தெரிய அந்தச் சிரிப்பு, தலை ஒரு பக்கம் இத்தனூண்டு சாய்ந்து. கேமராக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு நேராகவே பார்த்தார்.

"பார்த்துக்கோங்க" என்றாள், சிரிப்பு போகாமலே. "இது சந்தோஷம் இல்ல. உசுரு போற அளவு பயம் வந்தா எங்களுக்கு வர்றது. அவளுக்கும் அதான் வந்துச்சு. ஆனா என்னோடதுதான் சுத்தமா இருக்கும். மாஸ்டரம்மாவே சொல்லியிருக்காங்க."

அந்தப் பேட்டி அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வீட்டுக்காரர் அதை இரண்டு தடவை பார்த்தார். கேலி செய்யவில்லை. பிறகு தன் அக்காவுக்குப் போன் போட்டு, "டிவியப் போடு. போட்டுட்டியா? முழுசாப் பாரு" என்று சொல்லிவிட்டு வைத்தார். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார் இவளிடம். பார்லர்க்காரி அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மகாராணி ஜெயித்தாள். பெரிய வித்தியாசமில்லை, ஆனால் ஜெயித்தாள். நன்றி சொன்ன மேடையில் "என் தோழிக்கு" என்று சொன்னாள், அப்போது பார்லர்க்காரியையும் காட்டினார்கள். திரையின் மூலையில், சின்னக் கட்டத்துக்குள். "ஏன், கொஞ்சம் பெரிசாப் போட்டா திரை கிழிஞ்சிடுமா?" என்றாள் பார்லர்க்காரி.

சில நாள் கழித்து ஒரு காலை, அவள் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஒருத்தி காத்திருந்தாள். பக்கத்துத் துணிக்கடையில் கவுன்டரில் நிற்கிறவள். பார்த்த முகம்தான். இடது கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது.

"படியில விழுந்துட்டேன்க்கா. பத்து மணிக்குக் கடையில நிக்கணும். தெரியாத மாதிரி பண்ணிடுங்க."

"சரி, உட்காரு" என்றாள் பார்லர்க்காரி. இது பார்லர்களில் சாதாரணமாக நடக்கிற வேலைதான். அவளும் பல பேருக்குச் செய்திருக்கிறாள், ஒரு கேள்வி கேட்டதில்லை. நீலத்தை அமுக்க முதலில் ஆரஞ்சு நிறம், அதன்மேல் தோல் நிறம். பஞ்சால் மெல்ல ஒற்றத் தொடங்கினாள். பாதி மறைந்திருக்கும்போது அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள்.

"விழலக்கா" என்றாள். "உங்கள டிவியில பார்த்தேன். அதான் இங்க வந்தேன்."

பார்லர்க்காரி பஞ்சைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும் என்று, மனசில்லாமல் சொன்னாள். "ரெண்டு தெரு தள்ளி அவங்க ஆபீஸ் இருக்கும்மா. எந்நேரமும் திறந்திருக்கும்."

"தெரியும். அந்த வாசல் வழியாத்தான் வந்தேன். உள்ள போகல. அவங்க ஜெயிச்சவங்க. நீங்க வந்து..." பெண் தயங்கினாள்.

"தோத்தவ. சொல்லு, பரவாயில்ல."

"ஆமாக்கா" என்றாள் அந்தப் பெண்.

 பார்லர்க்காரி பஞ்சில் எண்ணெயைத் தொட்டு, போட்ட நிறத்தை எல்லாம் துடைத்து எடுத்தாள். நீலம் மறுபடி பளிச்சென்று வெளியே வந்தது. "இது ஸ்டேஷன்ல தெரியணும்" என்றாள். "பயப்படாத. நான் கூட வரேன்." கைப்பையை எடுத்துக்கொண்டு, ஒரு ஓரமாகப் போய், தன் போனில் இதுவரை ஒரு தடவைகூட அழுத்தாத எண்ணை அழுத்தினாள்.

"சொல்லு" என்றாள் மகாராணி, முதல் மணியிலேயே.

"ஒரு பொண்ணு வந்திருக்கா. புருஷன் அடிச்சிருக்கான். நான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன். உங்க வக்கீலம்மாவ அனுப்பு."

"இரு, நானும் வரேன்."

"நீ வேணாம். நீ வந்தா கேமரா வரும். அவ பயந்து ஓடிடுவா."

 மகாராணி கேட்டாள், சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான், ஆனால் குரல் லேசாகக் கம்மிவிட்டது.

"அவ ஏன் என்கிட்ட வரல? ஏன் உன்கிட்ட வந்தா?"

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று பார்லர்க்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தொன்பது வருஷமாகத் தன் வயிற்றிலேயே வைத்து வளர்த்த சாமான். அதற்கு எப்படி வலிக்கும், எந்த நேரத்தில் வலிக்கும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சொல்வதற்கு நறுக்கென்று நாலு வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"தெரியலடி" என்றாள். "வக்கீல சீக்கிரம் அனுப்பு."